புழு ஏறட்டும்

"ஊதுங்க."

"எதுக்கு?"

"ஊதுங்கன்றேன்."

படலுக்கு அந்தாண்ட மதலைமுத்து, இந்தாண்ட ராஜமேரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. மனுஷன் ஒருமுறை தெருவைப் பார்த்தார், ஒருமுறை பெண்டாட்டியைப் பார்த்தார். வேறு வழியில்லை. குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வாயைக் குவித்து ஊதினார்.

"கொய்யாத்தழை வாசம் வருது."

"வரட்டும்."

"கொய்யாத்தழை திங்கறதுக்கு நீங்க என்ன வெள்ளாடா?"

"பல்லு வலி. மென்னேன்."

"நேத்து கறிவேப்பில. முந்தாநாளு சோம்பு. ஒத்தை பீடிய மறைக்கறதுக்கு ஒரு தோட்டத்தையே தின்னு தீத்துடுவீங்க போலிருக்கு."

தெருவில் நின்ற குள்ளம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் மாதா கோயில் மணி அடித்தால் பூசை முடிந்து வருகிறவர்களோடு பேச வந்து நிற்பாள். "உடு ராஜமேரி, ஆம்பளைய நடுத்தெருவுல நிக்க வச்சு ஊதச் சொல்ற. கலியாணத்துல நாதசுரக்காரன் கூட இவ்ளோ ஊதியிருக்க மாட்டான்."

"உனக்கென்ன குள்ளம்மாக்கா, உன் வூட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்காரு. எனக்கு இருக்கறது விரிஞ்ச பானை."

விரிஞ்ச பானை என்றது வாய்க்கு வந்த பேச்சில்லை. போன சித்திரையில், கோடை மழைக்கு உழுதுகொண்டிருந்த மனுஷன் மேழியைப் பிடித்தபடியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். மாடு நின்று திரும்பிப் பார்த்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தர்மபுரி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில், நெஞ்சு அடைப்பு என்றார்கள். பிழைத்தது மாதா புண்ணியம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துப் பேசினார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, தூக்கம் காணாத இளவயசு டாக்டர்.

"பீடி குடிப்பீங்களா?"

"குடிப்பேங்க சார்."

"எத்தனை?"

"அதெல்லாம் எண்ணிக் குடிக்கறதில்லைங்க."

"இனிமே எண்ணவே வேணாம். ஒண்ணுகூடக் கிடையாது. உப்பு பாதி. கருவாடு, ஊறுகாய் பக்கம் போகக் கூடாது. வெயில்ல வேலை, மூட்டை தூக்கறது எதுவும் ஆகாது. மெதுவா நடக்கலாம். மாத்திரை தர்றோம், ஒருநாள்கூட விடக் கூடாது. நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு மாத்திரைன்னு ஒரு நாள் தோணும். அன்னைக்குத்தான் கண்டிப்பாப் போடணும். ஒருதரம் வந்துட்டா, மறுபடி வர அதுக்கு வழி தெரிஞ்சு போயிடும். அந்த வழியை அடைச்சு வைக்கறதுதான் நம்ம வேலை. இன்னொருதரம் வந்தா இந்த நெஞ்சு தாங்காது."

மதலைமுத்து தலையை ஆட்டினார். ராஜமேரி ஆட்டவில்லை, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சிந்தாமல் மனப்பாடம் செய்தாள். அன்று முதல் காலையிலும் பொழுது சாயும்போதும் ஞானோபதேசம் ஒப்பிக்கிற மாதிரி அதை ஒப்பித்தாள்.

உப்பு அவள் கையில் இருந்தது. களி கிண்டினால் உப்பில்லை, கீரை கடைந்தால் பேருக்கு ஒரு சிட்டிகை. "மாட்டுக்குக் கூடத் தவிட்டுல உப்பு போடறாங்க" என்று மதலைமுத்து முனகுவார். "மாட்டுக்கு நெஞ்சடைக்கல" என்பாள். மாத்திரை அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. மூட்டையெல்லாம் அவள் தலைக்கு ஏறிவிட்டது. பீடி ஒன்றுதான் அவள் கைக்கு அகப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் அவளுக்கு அது ஒன்றே எமனாகத் தெரிந்தது. டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் மெல்ல மெல்ல அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டன.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏர் பிடித்தவன் கைக்குத் திடீரென்று ஒரு வேலையும் இல்லை. ஒரே மகள் காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். காலையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் நிழல் நகர நகரத் தானும் நகர்வார். பேச்சுக் கொடுத்தால், "எனக்கென்ன, பாதிச் செத்தவன்" என்பார். பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வியும் ஒன்றே: "எப்படி இருக்குது மதலைமுத்து, நெஞ்சு?" நெஞ்சைத் தவிர அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லாததுபோல.

மகளைப் பார்க்க ராஜமேரி ஒருமுறை காரிமங்கலம் போனாள். சந்தை நாள். மகள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரே சண்டை. பொண்ணு கேட்க வந்த பெரிய மனுஷனை வீட்டுக்கார அம்மாள் வாசற்படியிலேயே மறித்துக்கொண்டு கத்துகிறாள்: "யாரா இருந்தாலும் செரி, பீடியத் தூரப் போட்டுட்டு, வாயையும் கையையும் கழுவிட்டு உள்ள வாங்க! இல்லாட்டி அங்கயே நில்லுங்க!"

"அந்தம்மா ஏன்டி தெரசா இப்படிக் கத்துது?"

"உள்ள பட்டுப்புழு வளக்கறாங்கம்மா. பொகையில நெடி பட்டா புழு செத்துடும். அந்த வூட்டுத் தாத்தா நாப்பது வருசமாக் குடிச்ச பீடிய உட்டுட்டாரு."

ராஜமேரி எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய மனுஷன் தொட்டியண்டை போய்க் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் கிணற்றங்கரை மேட்டில் மல்பெரிக் குச்சி ஊன்றினாள். இருந்த இரண்டு அறையில் பெரிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மூங்கில் தட்டு அடுக்க ஏணி மாதிரி தாங்கி கட்டி, எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியின் காலுக்கெல்லாம் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். பங்குச்சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தாள். குள்ளம்மாள் தன் பங்குக்கு நிலையில் வேப்பிலை செருகினாள். பட்டுத்துறையிலிருந்து அர்ச்சுனன் என்கிற பையன், மீசை சரியாக முளைக்காதவன், சைக்கிளில் வந்து சொல்லிக் கொடுத்தான்.

"கை கழுவாம உள்ள வரக் கூடாதுங்க. தாளிக்கிற காரல் ஆகாது, அடுப்பை வெளிய வச்சுக்குங்க. முக்கியமா பொகையில. பீடி குடிச்ச கையால தழை போட்டாக்கூட வாந்தி எடுத்து செத்துடும்."

"இன்னொருதரம் சொல்லு சாமி," என்றாள் ராஜமேரி, "அந்த மூலைல நிக்கறாரு பாரு, அவரு காதுக்கு எட்டற மாதிரி."

அர்ச்சுனன் ஒன்றும் புரியாமல் சத்தமாக இன்னொருமுறை சொன்னான்.

மதலைமுத்து சிரித்துவிட்டார். நெஞ்சடைத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. "அடிப்பாவி, இதுக்குத்தானா இந்தக் கூத்து!"

இதற்குத்தான். ஆனால் அவள் நினைத்ததைவிடவும் நடந்தது. முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை வைத்த புழுவில், எறும்பு முட்டை மாதிரி இருந்ததெல்லாம் கண்ணெதிரே வளர்ந்து, தழையை அரித்துத் தள்ள, மனுஷன் அந்த அறையை விட்டு நகரவில்லை. தழையை நறுக்கிப் போடுவார். படுக்கை ஈரமானால் சுண்ணாம்புத் தூள் தூவுவார். தோலுரிக்கிறதுக்கு முன்னால் புழு தலையைத் தூக்கிக்கொண்டு தின்னாமல் கொள்ளாமல் கிடக்கும். அதை அந்தப் பக்கத்தில் ஜொரம் என்பார்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நாலு ஜொரம். "ஜொரத்துல கெடக்குது, யாரும் சத்தம் போடாதீங்க" என்று வாசலில் நின்று குசுகுசுப்பார். பீடி போன இடம் தெரியவில்லை.

"உங்க உசுரு போவும்னு டாக்டரு சொன்னாரு, கேக்கல. புழு உசுரு போவும்னு ஒரு பொடிப்பையன் சொன்னான், உட்டுட்டீங்க."

"என் உசுரு என்னுது. அது வாயில்லாத சீவன்."

தின்று முடித்துக் கூடு கட்டத் தயாரான, பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டார்கள். சந்திரிகை என்பது மூங்கில் பிளாச்சில் வளைத்து வளைத்துக் கட்டிய பெரிய தட்டு. அதில் ஏறினால்தான் புழு கூடு கட்டும். ஏறியதும் மனுஷனும் பெண்டாட்டியும் தட்டு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி மாதிரியான உடம்புக்குள்ளிருந்து நூல் வருகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது மனுஷனுக்கு. "பாத்தியா மேரி, இந்தத் துளியூண்டு சீவனுக்கு உள்ள எம்மா வேலை இருக்குது!"

இரண்டாவது ஈடும் தேறியது. இடையில் ஒரு குறை. தை மாதம் மாத்திரை வாங்கிவருகிறேன் என்று தனியாகப் போனவரை, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடை ஓரமாகக் குந்திப் புகைவிட்டுக்கொண்டிருந்ததாகக் குள்ளம்மாள் பார்த்துவந்து சொன்னாள். அன்றைக்கு வீட்டில் புழு இல்லை, இரண்டு ஈட்டுக்கு நடுவில் தட்டு வெறுமையாகக் கிடந்த நேரம். ராஜமேரி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாவது நாள் சொன்னாள்: "இனிமே வூட்டுல தட்டு காலியாக் கெடக்காது. ஒரு ஈடு எறங்கினா மறு ஈடு."

அப்படித்தான் பங்குனி பிறந்ததும், எல்லாரும் வேண்டாம் என்ற நேரத்தில் மூன்றாவது ஈடு வைத்தாள். "வெயில் காலத்துல கஷ்டம்மா, தழை வாடிப் போவும்" என்றான் அர்ச்சுனன். பக்கத்துக் காட்டு மாது, வீட்டில் கன்னடம் பேசுகிறவன், "பேடக்கா, இப்ப வேணாம். கெணத்துல தண்ணி பாத்தியா? கண்ணுக்குட்டி குடிச்சா தீந்துடும்" என்றான். எண்பத்தேழாம் வருஷத்து வறட்சி. வானம் வெளுத்துக் கிடந்தது. ராஜமேரி கேட்கவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிக்கடை ஓரமாகக் குந்தியிருந்த முதுகு ஒன்றுதான்.

நாலாவது ஜொரம் விட்டு எழுந்த புழுவுக்கு வருகிற பசி எப்படியென்று புழு வளர்த்தவர்களிடம் கேட்க வேண்டும். அதுவரை மொத்தமும் தின்றதைப் போல எத்தனையோ பங்கை அந்தக் கடைசி வாரத்தில் தின்னும். போடப் போட வெறும் காம்பு. கிணற்றங்கரைத் தழை போதாமல் மாதுவின் காட்டிலும் தழை பேசிக்கொண்டார்கள். அவன் காடு மேட்டுக்கு அந்தாண்ட. விடிவதற்கு முன்னால் பறிக்க வேண்டும், பொழுது இறங்கி ஒருமுறை பறிக்க வேண்டும், வாடாமல் ஈரக்கோணியில் சுற்றித் தூக்கி வர வேண்டும். ஈரக்கோணி இரண்டு பங்கு கனம். சன்னலுக்கெல்லாம் சாக்கை நனைத்துக் கட்ட வேண்டும், அதற்குத் தண்ணீர் சேந்த வேண்டும்.

"நீங்க பாதி மூட்டைதான் தூக்கணும்."

"செரி."

"பாதின்னா பாதி."

"செரிங்கறேன்ல."

முதல் நாள் பாதி மூட்டைதான் தூக்கினார். அப்புறம் அவளுக்கு மூட்டையைப் பார்க்கவே நேரமில்லை. அவள் தழையோடு உள்ளே நுழைந்தால் அவர் வெளியே வர, அவள் வெளியே போனால் அவர் உள்ளே வர, இரண்டு பேரும் எதிரெதிரே கடந்துகொண்டிருந்தார்கள். களியைக்கூட நின்றபடி உருட்டி விழுங்கினார்கள். சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. "எங்க அண்ணி, தவக்காலத்துல கோயில் பக்கமே காணோம்?" என்று நாத்தனார் ஞானமேரி கேட்டதற்கு, "புழு ஏறட்டும்" என்றாள். கூரை ஓட்டை மாற்றணுமே என்றால், புழு ஏறட்டும். மகளுக்கு மேலுக்கு முடியவில்லையாமே என்றால், புழு ஏறட்டும், போய்ப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், அவள் ஈரக்கோணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதலைமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேரி, மாத்திரை தீந்து போச்சு."

"தெரியும். காலைல கடைசியக் குடுத்தனே."

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிட்டு உச்சிப்பொழுதுக்குள்ள வந்துடறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். தானாகக் கிளம்பியது தை மாதம் ஒரே தரம்.

"அதிசயமா இருக்குது. நீங்களாக் கேக்கறீங்க."

"தீந்து போச்சே, அதான்."

"நானும் வரட்டா?"

"நீ வந்துட்டா இதுங்களுக்கு யாரு தழை போடறது?"

"அப்ப ஒண்டியாத்தான் போவீங்க."

"ஒண்டியாத்தான்."

"பென்னாகரத்துல எறங்கி, தர்மபுரி பஸ்ஸு மாறணும்."

"ஆமா."

"பஸ்ஸு வர்ற வரைக்கும் பெட்டிக்கடை ஓரமா நிக்கணும்."

அவருக்கு விளங்கிவிட்டது. தழைக் காம்பு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார். "மேரி, அதுக்குக் கேக்கல நான்."

"போன தரமும் அதுக்குக் கேக்கல."

"போன தரம் தப்பு. இப்ப அப்படியில்ல. மாதா மேல சத்தியமா."

"மாதாவ இழுக்காதீங்க. ஒரு இழுப்பு இழுத்துட்டு அந்தக் கையால தழை போட்டீங்கன்னா அத்தனையும் வாந்தி எடுத்துச் செத்துக் கெடக்கும். இந்த வெயில்ல நான் பட்ட பாடு அம்போன்னு போவும்."

"யாரையாச்சும் வாங்கியாரச் சொல்லட்டா?"

"ஆஸ்பத்திரில ஆள நேர்ல பாக்காமத் தர மாட்டாங்க. மருந்துக்கடைல கேட்டா சீட்டு கேப்பான். சீட்டு ஆஸ்பத்திரில இருக்குது."

"ஒருநாளுகூட உடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரே."

"இப்பத்தான் டாக்டரு பேச்சு காதுல உழுந்துச்சா?"

"நீதான தெனம் ஒப்பிக்கற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "நாலஞ்சு நாளுதாங்க. புழு ஏறட்டும். ஏறின மறுநாளே ரெண்டு பேருமாப் போவலாம். டாக்டரு கேட்டா நானே சொல்றேன், வேலை அப்படி இருந்துச்சு சார்னு."

"செரி," என்றார்.

எதற்கும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் விடாத மனுஷன். அன்றைக்குச் செரி என்ற ஒரு சொல்லோடு எழுந்து, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாதுவின் காட்டுப் பக்கமாக நடந்து போனார். மேட்டில் ஏறும்போது ஒரு இடத்தில் நின்றார். வேட்டியைச் சரி செய்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

புழு பழுத்த அன்று பொழுது விடியும்போதே அனல் அடித்தது. ஒரே நேரத்தில் எல்லாம் பழுத்துவிட்டது. தட்டு ஓரத்தில் தலையைத் தூக்கித் தூக்கி ஏறுகிறதற்கு இடம் தேடுகிறது. தாமதித்தால் தட்டிலேயே நூலைக் கக்கி வீணாகிவிடும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்து பொறுக்கிச் சந்திரிகையில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்றார் மதலைமுத்து.

"உக்காந்துக்கிட்டுத்தான இருக்கீங்க?" என்றாள் திரும்பாமல்.

பின்னால் சுவரில் ஏதோ உரசியது. பழுத்தது ஒன்றைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். சுவரில் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, உதட்டில் ரத்தமில்லை. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சேசுவே!"

நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்த அவசர மாத்திரை ஒன்று தனியாக இருந்தது. அதை வைத்தாள். அடங்கவில்லை. அவள் போட்ட கூச்சலுக்குக் குள்ளம்மாள் ஓடிவந்தாள், மாது வண்டியைப் பூட்டினான். கட்டிலோடு தூக்கி வைத்தார்கள்.

"வூட்டப் பத்தி ரோசனை பண்ணாத. புழுவ நாங்க பாத்துக்கறோம், நீ போ," என்றாள் குள்ளம்மாள்.

வண்டியில் கிடந்த மனுஷன் கண்ணைத் திறந்தார். "குள்ளம்மா… பழுத்ததை மட்டும் எடுங்க. பச்சையா இருக்கறத எடுத்துடப் போறீங்க… கட்டாது."

"வாய மூடிக்கிட்டுப் படு சாமி!" என்று அழுதாள் குள்ளம்மாள்.

தார் ரோட்டில் மாங்காய் லாரி ஒன்றை மறித்து ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். பொழுது சாய்கிற நேரம் மனுஷன் கொஞ்சம் தெளிந்தார். அதே இளவயசு டாக்டர் வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு.

"மதலைமுத்துதானே? மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

ராஜமேரி வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்துவிட்டது.

"மறந்துட்டேங்க சார்."

"மறந்துட்டீங்களா? அன்னைக்கு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! பீடி?"

"அது… ரெண்டொண்ணுங்க."

டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்த குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கோபத்தைவிடச் சலிப்புத்தான் அதிகமாக இருந்தது. "உங்களுக்காக இந்தம்மா எவ்வளவு பாடுபடுது. கொஞ்சமாவது அதை நினைச்சுப் பார்க்க வேணாமா? இப்படிப் பண்ணா நாங்க என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டாக்டர் வாசலைத் தாண்டுகிற வரை ராஜமேரி பொறுத்தாள். அப்புறம் கட்டிலண்டை குனிந்தாள்.

"பீடி எப்பக் குடிச்சீங்க?"

"குடிக்கல."

"பின்ன ஏன் குடிச்சேன்னீங்க? ஏன் மறந்துட்டேன்னீங்க?"

"டாக்டருகிட்டத் திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம். உனக்குப் பழக்கமில்ல."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கேட்டாள்: "அன்னிக்கே வலி இருந்துச்சா? என்கிட்டக் கேட்ட அன்னிக்கு?"

"லேசாத்தான். மேடு ஏறறப்போ."

"சொல்லியிருந்தா உட்டிருப்பேனே!"

"சொன்னா, பீடிக்காக வலின்னு பொய் சொல்றேன்னு நெனப்ப." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் காய்கிறது, காற்று அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னார். "நானும் அப்படிப் பொய் சொல்ற ஆளுதான."

"நாளைக்கு டாக்டரு வரட்டும். நான் சொல்றேன்."

"என்னாத்தச் சொல்லுவ?"

"உள்ளதை."

"சொல்லு, சொல்லு. அதுக்கு முன்னாடி புழு எம்மாட்டு ஏறிச்சின்னு யாருனா வந்தா கேட்டு வையி. அதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்குது."

விடிந்ததும் கஞ்சி வாங்க வெளியே போனாள். மனுஷன் கண்ணயர்ந்திருந்தார், மூச்சு சீராகத்தான் இருந்தது. தூக்குச் சட்டியோடு திரும்பும்போது முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஞானமேரி ஆஸ்பத்திரி வாசலிலேயே எதிர்ப்பட்டாள்.

"அண்ணி! அண்ணனுக்கு எப்படி இருக்குது?"

"தூங்கறாரு. ராத்திரி ஒருதரம்தான் வலின்னாரு."

"நல்லவேளை, ஆண்டவர் கைவிடல. குள்ளம்மாக்கா, மாது சம்சாரம், எல்லாரும் விளக்கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஒண்ணுகூட வீணாப் போவல அண்ணி, எல்லாம் ஏறிடுச்சு. அண்ணன்கிட்டப் போனதும் சொல்லணும்."

"வா, நீயே சொல்லு. சந்தோசப்படுவாரு."

இரண்டு பேரும் உள்ளே போனபோது கட்டிலைச் சுற்றி பச்சைத் துணி மறைப்பு இழுத்துவிட்டிருந்தது. நர்சம்மா மறைப்புக்குள்ளிருந்து வெளியே வந்து, இவர்களைப் பார்த்து, பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள். ஞானமேரி "அண்ணா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். ராஜமேரி தூக்குச் சட்டியைக் கீழே வைக்க இடம் தேடினாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அழுது ஓய்ந்து, ஊருக்கு ஆள் அனுப்பி, வண்டி வருகிறதற்குக் காத்திருந்தபோது டாக்டர் வராண்டாவில் வந்தார். ராஜமேரி எழுந்து வழியில் நின்றாள்.

"சார், ஒரு நிமிசம் கேளுங்க. அவரு மறக்கலைங்க. மாத்திரை வாங்கப் போறேன்னு கேட்டாருங்க. நான்தாங்க உடல. பீடியும் குடிக்கல அவரு. பட்டுப்புழு வளக்கறோங்க, புழு ஏறட்டும், நாலஞ்சு நாளு கழிச்சுப் போவலாம்னு நான்தாங்க சொன்னேன். என்னைக் காப்பாத்தறதுக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டாரு."

டாக்டர் நின்று முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷன். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கம்மா. அந்த நாலஞ்சு நாளாலதான் போயிட்டாருன்னு மனசுல போட்டு வருத்திக்காதீங்க. அது மட்டும் காரணமாயிருக்காது. மாத்திரை போட்டிருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ஆமா, புழு வளர்க்கறதுன்னா அவருக்கு என்ன வேலை?"

"தழை தூக்கினாருங்க."

"தூரமா?"

"மேட்டுக்கு அந்தாண்டைங்க."

"வெயில்லயா?"

"வெயில்லதாங்க. ராத்திரியும் கண்ணு முழிச்சோம்."

"அதான்." டாக்டர் தலையை ஆட்டினார். "அடிபட்ட நெஞ்சும்மா அது. அந்த வேலையில அவரை விட்டதுதான் தப்பாப் போச்சு. மாத்திரையை நினைச்சு நீங்க கலங்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை." அவள் தோளில் மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தார். ஒருத்தியின் பாரத்தை இறக்கிவைத்த நிம்மதி அவர் நடையில் தெரிந்தது.

ராஜமேரி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஞானமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரு என்ன அண்ணி சொன்னாரு?"

"எம்மேல தப்பில்லையாம்."